மாமனார் பெயர் எழுதிய வெள்ளைப் பெட்டி

பரிசு கொடுப்பதில் என்னைப் போன்ற மடையன் தோவாளையிலிருந்து கொல்லங்கோடு வரை தேடினாலும் கிடைக்க மாட்டான். சந்தேகமிருந்தால் முட்டத்தில் என் மனைவியின் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

அப்போது எனக்கு முப்பது வயது. வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் சேஃப்டி ஆபீசராக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். அங்கே என் வேலை, ஹெல்மெட் போடாதவனைப் பார்த்து விசில் ஊதுவது. (அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான்.) ஆனால் ஊரில் வந்து இறங்கியதும், இந்த மாவட்டத்து உயிர்களையெல்லாம் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், வயலை ஒட்டிய எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று அறை. அதில் 'அவசர வழி' என்று அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்த வழியாகப் போனால் தொழுவம் வரும். அப்பா ஒரு வாரம் அதைப் பார்த்துவிட்டு, "மாடு வாசிக்கும்னு ஒட்டியிருக்கியாலே?" என்று கேட்டார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் ரெஜினாவைக் கல்யாணம் செய்திருந்தேன். நாகர்கோவிலில் நர்ஸ். நாங்கள் நெல் விளைவிக்கிற சைவக் குடும்பம், அவர்கள் வள்ளமும் வலையுமாக வாழும் கத்தோலிக்கக் குடும்பம். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவளுடைய அப்பா சூசைமரியான் அவளிடம் பேசவில்லை. பதினாறு மாதம். நடுவில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ரெஜினா ஐ.சி.யூ. வாசல்வரை போய்விட்டு, உள்ளே போகத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்தாள். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் டிசம்பரில் மாமியாரிடமிருந்து போன் வந்தது. "அப்பா கிறிஸ்மசுக்கு ஒங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாரு மக்கா."

ரெஜினா அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்: "அப்பாக்கு ஒரு வேட்டி, சட்டை. ஒரு கேக்கு. அம்புட்டுதான். வேற ஒண்ணும் வேண்டாம், கேட்டியளா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"வேட்டியா? புயல் வந்தா வேட்டியப் புடிச்சிக்கிட்டு மிதப்பாராக்கும்? கடக்கரையில இருக்கியவங்களுக்கு உயிரக் காப்பாத்துற சாமான் குடுக்கணும் ரெஜி. அதும் நம்ம கையால செஞ்சதா இருக்கணும்."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "என்னத்தையாவது செய்யுங்க. எனக்க அப்பா முன்னால என்னத் தலைகுனிய மட்டும் வச்சிராதிங்க."

சேஃப்டி ஆபீசர் வேலையில் இறங்கினார். பிளாஸ்டிக் உடையும், தகரம் துருப்பிடிக்கும் என்று பெரிய விஞ்ஞானி மாதிரி ஆராய்ந்து, ஆசாரியிடம் கேட்டுக் கேட்டு நல்ல மரப்பலகையில் ஒரு பெட்டி செய்தேன். இரண்டரை அடி நீளம். இருட்டிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வெள்ளைப் பெயின்ட். இரண்டு பேர் தூக்க வசதியாக இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி. முதலுதவிப் பெட்டி என்றால் கூட்டல் குறி வேண்டுமே! மூடியில் அதை நானே வரைந்தேன். கீழ்க்கோடு கொஞ்சம் நீண்டுவிட்டது. (கைவேலை என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.) அதற்குக் கீழே கறுப்பு எழுத்தில் 'சூசைமரியான்' என்று எழுதினேன். ஆபத்து நேரத்தில் யாருடைய பெட்டி என்று குழப்பம் வரக்கூடாது பாருங்கள்.

மெழுகுவர்த்தியும் நானே காய்ச்சினேன். பி.வி.சி. குழாயில் ஊற்றி எடுத்தது, ஒவ்வொன்றும் என் முழங்கை கனம். அதோடு தேங்காயெண்ணெயில் செய்த சோப்பு, பஞ்சு, கட்டுப்போட வெள்ளைத் துணி, வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி, நனைந்த காலுக்கு மாற்றாக வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடி. ரெஜினாவுக்கு எதையும் காட்டவில்லை. சஸ்பென்ஸ். பெட்டியைச் சாக்கில் பொதிந்து ஆட்டோவின் பின்னால் வைத்துக் கட்டினேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை, பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருந்த நேரத்தில் முட்டம் போய்ச் சேர்ந்தோம். தெரு குறுகல், ஆட்டோ உள்ளே போகாது. ரெஜினா எனக்காகக் காத்திருக்கவில்லை. செருப்பு கழன்றதைக்கூடக் கவனிக்காமல் வீட்டைப் பார்த்து ஓடினாள். நான் சாக்கை உருவிவிட்டு, ஆட்டோக்காரரை மறுபக்கம் பிடிக்கச் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பிடித்தார்.

நாங்கள் நடக்க நடக்க, தெருவில் பேச்சு நின்றது. திண்டில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டார்கள். புது மாப்பிள்ளைக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று நான் புல்லரித்துப்போனேன். கல்யாண வீட்டு முதலாளி மாதிரி இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டே போனேன். (நாசமாய்ப் போக!)

ஒரு அம்மா பக்கத்தில் வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருக்க பிள்ளையாக்கும்?" என்றார்.

என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "சூசைமரியான் வீட்டுப் பிள்ளைதான்" என்றேன் பெருமையாக.

"எனக்க மாதாவே!" என்று அவர் அலறியதில், வீடு போய்ச் சேரும்போது எனக்குப் பின்னால் முப்பது பேர்.

முற்றத்தில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். ரெஜினா அவர் காலடியில் முழங்காலிட்டிருந்தாள். அவர் கை அவள் தலையில் இருந்தது. பெட்டியைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே நின்றது.

நான் பெட்டியை அவர் முன்னால் இறக்கினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆச்சரியத்தில் பேச்சு வரவில்லை என்று முடிவு செய்து, டிரெய்னிங் வகுப்பு எடுக்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"மாமா, இது ஒங்களுக்குத்தான். பேரு போட்டிருக்கேன் பாருங்க. எல்லாம் நானே செஞ்சது. இத எப்பவும் தலைமாட்டுலயே வச்சுக்கிடுங்க. எப்ப தேவைப்படும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒருநாள் கட்டாயம் தேவைப்படும்."

மூடியைத் திறந்து கையுறையை எடுத்துக் காட்டினேன். சாக்ஸை எடுத்தேன். பஞ்சை எடுத்தேன். மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்து, "விடிய விடிய நின்னு எரியும்" என்றேன். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

மாமியாருடைய அக்கா பிலோமி பெரியம்மைதான் வாய் திறந்தார். "ஏலே, அடக்கத்துக்கு வேண்டியதெல்லாம் கொண்டாந்தியே, ஃபாதர மட்டும் எங்க வுட்டுட்டு வந்த?"

எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் பச்சை ஓலைப் பாடை, சுடுகாடு, முடிந்தது கதை. இங்கே இறந்தவருக்கு வெள்ளைக் கையுறையும் சாக்ஸும் போட்டு, தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, சிலுவையும் பெயரும் எழுதிய பெட்டியில் வைப்பார்கள் என்பதை, பெரியம்மை அந்த முப்பது பேர் முன்னால் எனக்கு விளக்கினார். பெட்டியின் நீளத்தை வைத்து, தெருவே அதைக் குழந்தையின் சவப்பெட்டி என்று நினைத்ததாம்.

மாமனார் எழுந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரெஜினா என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "பதினாறு மாசம் கழிச்சு இப்பதான் எனக்க தலையில கை வச்சாரு. ஒரு நிமிசம் வைக்க வுட்டியளா?" என்றாள். பிறகு மூடின கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, "அப்பா, தொறங்க அப்பா" என்று கெஞ்சினாள். அந்த நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் என்னையே மடக்கி வைத்து ஆணி அடித்திருந்தாலும் நான் ஏனென்று கேட்டிருக்க மாட்டேன்.

உள்ளேயிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஏற்கெனவே நெஞ்சுவலி கண்டவர். ரெஜினா தோளால் இடித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டே முற்றத்துக்கு வந்தார். குனிந்து பெட்டியைச் சாண் போட்டு அளந்தார்.

"லே மருமவனே, எனக்க முட்டுக்குமேல கொள்ளாதேலே இது. யாருட்டல அளவு கேட்ட?"

அதுவரை அவர் வாயில் நான் 'அவன்'தான். அந்தப் பெட்டியாலே நான் மருமகன் ஆனேன். ரெஜினா அழுதுகொண்டே சிரித்தாள். முப்பது பேரும் கேக் தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

எட்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அந்த முற்றத்தில் யார் புதிதாக வந்தாலும், மாமனார் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். என் சகலைமார் இரண்டு பேரும் அடுத்து வரப்போவது தெரிந்து நழுவப் பார்ப்பார்கள். விடமாட்டார்.

"எனக்கு மூணு மருமவனுவ. அவனுவ ரெண்டு பேரும் பொட்டி எடுக்கதுக்கு நான் சாவட்டும்னு இருக்கானுவ. இவன் பாசக்காரன் பாத்துக்க. மொதக் கிறிஸ்மசுக்கே கொண்டாந்துட்டான்."