பாய் கழித்த வீடு

அப்துல் சமத் பாய் சாக்பீஸை எடுத்து, கூடத்துச் சுவரில் இன்னொரு வட்டம் போட்டார்.

“இங்க பாருங்க தம்பி. முடி கணக்கா ஒரு கோடு ஓடுது. தெரியுதா?”

கிருபானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். வட்டம் பளிச்சென்று தெரிந்தது. அதற்குள் கோடு எதுவும் தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் பெரியவர் மனசு சங்கடப்படுமே என்று, “ஆமா பாய், நல்லாத் தெரியுது” என்றார். கிருபானந்தத்திடம் உள்ள கோளாறே இதுதான். யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிடுவார். கவலைப்படுகிற வேலையைப் பிறகு சாவகாசமாக வைத்துக்கொள்வார்.

சத்துவாச்சாரியில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் இருந்தது அந்த வீடு. சொந்தக்காரி மீனாம்பாள் வீட்டை விற்றுவிட்டு, பெங்களூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறார். நான்கு பேருக்கு காபி கலந்து தட்டில் ஏந்தி வந்தவர், தன் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா பாய் இது, என் வீட்டுக்கு அம்மை வார்த்த மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க?”

பாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தார். ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தார். அது வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. கால் கட்டை விரலால் லேசாக நெட்டினார். உருண்டது. “பாத்தீங்களா, சரிவு” என்றார்.

பாய்க்கு வீடு பார்க்கத் தெரியுமா என்று கேட்டால், தோல் பார்க்கத் தெரியும் என்பதுதான் பதில். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷனில் இருந்தவர். வருகிற தோலை மேஜையில் விரித்துப் போட்டு, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது உதவாது என்று பிரிக்கிற வேலை. குறை இருக்கிற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டால் வெட்டுகிறவன் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவான். கம்பெனியை விட்டு வந்த கதையையும் பாய் அடிக்கடி சொல்லுவார். புதிதாக வந்த மேனேஜர் தரத்தைக் கம்மி பண்ணச் சொன்னானாம். “என் கையில பத்து தோல் வந்தா ஆறு ரிஜெக்ட். இஷ்டம் இருந்தா வெச்சிக்கோ, இல்லாட்டி நான் போறேன்” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கம்பெனி பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாராம். அப்பேர்ப்பட்ட கண் தனக்காக வீடு பார்க்க வருவது பெரிய பாக்கியம் என்பது கிருபானந்தத்தின் எண்ணம்.

கூட வந்திருந்த அவர் மனைவி ஜெபராணி இதையெல்லாம் கவனிக்கவில்லை. வட்டம் எதுவும் விழாத எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் ஆணி இருந்தது.

அந்த ஆணிக்குக் கதை உண்டு. லாங் பஜாரை ஒட்டிய சந்தில், பாய் வீட்டு மாடியில், கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர்கள் குடியிருக்கிறார்கள். கிருபானந்தத்துக்கு ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸில் வேலை, ஜெபராணி பள்ளிக்கூட டீச்சர். மகள் ஃபீபி அந்த மாடியில்தான் பிறந்தாள், தவழ்ந்தாள், அங்கிருந்துதான் நர்ஸிங் படிக்கச் சென்னைக்குப் போனாள். பாய் நல்ல மனுஷர். பக்ரீதுக்கு மாடிக்கென்று தனியாகப் பிரியாணி வரும். கிறிஸ்துமஸ் கேக் கீழே வர கொஞ்சம் தாமதமானாலும் படியில் நின்று இருமுவார். மகன்கள் இரண்டு பேரும் சவுதியில் இருப்பதால், காலையில் பேப்பர் படிக்க, மத்தியானம் கரண்ட் போனதைப் பற்றிப் பேச, சாயங்காலம் நாட்டு நடப்பை அலச எல்லாவற்றுக்கும் அவருக்குக் கிருபானந்தம்தான் வேண்டும். ஃபீபி ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று, பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் பஸ் ஸ்டாண்டை விட்டு நகராமல் நின்றவர் அவர்.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

“தோல்ல ஒரு ஓட்ட விழுந்தா ஒரு கிரேடு இறங்கிடும் டீச்சர். சுவரும் அப்படித்தான்.”

அதனால் கல்யாண போட்டோ இத்தனை வருஷமும் பீரோவின் மேல் சுவரில் சாய்ந்தே நின்றது. ஃபேனை வேகமாக வைத்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் கிடுகிடுவென்று ஆடுவார்கள். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. ஜெபராணிக்கு நகை மேலே ஆசை இல்லை, பட்டு மேலே ஆசை இல்லை. தனக்கென்று ஒரு சுவர் வேண்டும், யாரையும் கேட்காமல் அதில் தன் கையால் ஒரு ஆணி அடிக்க வேண்டும். கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வீடு பார்க்கப் போகும்போதும் அந்தப் பொட்டலம் கூடவே போகும்.

போன பொட்டலம் ஒவ்வொரு முறையும் பிரிக்காமலே திரும்பி வந்தது. காட்பாடி வீட்டைப் பாய், ரயில் போகிற அதிர்வுக்குத் தாங்காது என்று கழித்தார். சாய்நாதபுரம் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் வாசம் சரியில்லை. பாகாயத்தில் வேப்பமரத்து வேர் அடியில் புகுந்து தரையைத் தூக்கிவிடும் என்றார். அந்த மரம் அடுத்த தெருவில் இருந்தது. ஒவ்வொரு வீடு கழிந்த அன்றும் கீழேயிருந்து நெய் மணக்க ஒரு கிண்ணம் சேமியா மேலே வரும். ஆறுதலுக்குத்தான்.

இப்போதும் பாய் கையைத் தட்டிச் சாக்பீஸ் தூளை உதறிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“ரிஜெக்ட் மால் தம்பி. நாளைக்கு உங்க தலைமேல விழுந்தா நான் அல்லாவுக்கு இன்னா பதில் சொல்றது?”

மீனாம்பாளுக்கு வந்த கோபத்தில் காபி ஆறிவிட்டது. எல்லாம் பூச்சில் விழுந்த கீறல், வேண்டுமானால் கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டிக்கொள்ளுங்கள், ராணிப்பேட்டையிலிருந்து இன்னொரு பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை வருகிறது, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு பதிலைச் சொல்லுங்கள் என்று படபடவென்று சொல்லிவிட்டார். கிருபானந்தம் அதற்கும் தலையாட்டினார்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வருவதாகவும், விரிசல் ஆழமா இல்லையா என்று பார்த்துச் சொன்னால் போதும் என்றும் ஒரு கொத்தனாரிடம் ஏற்பாடு செய்தார். கொத்தனார் சுறுசுறுப்பான ஆள். காலையிலேயே வந்துவிட்டார். ஆஸ்பத்திரி சார் அனுப்பியதாகச் சொல்லவே, மீனாம்பாள் அவரை உள்ளே விட்டுவிட்டு பாங்குக்குப் போனார்.

சுவர் முழுக்க சாக்பீஸ் வட்டம். தோல் வேலையில் வட்டம் என்றால் தொடாதே என்று அர்த்தம். கொத்தனாருக்கு அது எப்படித் தெரியும்? அவருடைய தொழிலில் வட்டம் போடுவது உடைப்பதற்கு. எந்த இடம் என்று கேட்கக்கூட அவசியமில்லாதபடி இவ்வளவு சுத்தமாகக் குறித்துக் கொடுத்த வீட்டை அவர் பார்த்ததே இல்லை. உளியை எடுத்தார்.

மத்தியானம் கிருபானந்தம் போய்ச் சேர்ந்தபோது தெருவே வாசலில் நின்றது. உள்ளே ஒவ்வொரு வட்டமும் ஒரு குழியாகி, குழிக்குள் செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. தலை முதல் கால் வரை சுண்ணாம்புத் தூளோடு கொத்தனார், “முடிஞ்சிது சார். மாடிப்படிகிட்ட ஒண்ணுதான் பாக்கி” என்றார்.

மீனாம்பாள் பாங்க் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். “வாங்குறதுக்கு முன்னாடியே இடிக்க ஆரம்பிச்சிட்டீங்களே சார்” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அதைத் திட்டாகவே சொல்லியிருந்தால் கிருபானந்தத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

குழிகளை அடைத்துத் தருவதாகச் சத்தியம் செய்துவிட்டு வெளியே வந்தவர், நேராகச் சபையில் பழக்கமான எஞ்சினியர் ஜெஸ்டனைத் தேடிப் போனார். ஜெஸ்டன் வந்து ஒவ்வொரு குழியிலும் டார்ச் அடித்துப் பார்த்தார், விரலைவிட்டுச் சுரண்டினார். பிறகு, இது ரொம்ப நல்லதாகப் போயிற்று, வீடு வாங்குகிற யாருக்கும் சுவரின் உள்ளே பார்க்கக் கொடுத்து வைக்காது, செங்கல் நல்ல சூளைச் செங்கல், கலவை கெட்டி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார்.

கிருபானந்தம் அதைக் கேட்டு வாசலில் இறங்கி நின்று, அங்கே ஒரு பிரம்பு நாற்காலி போட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டார். அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் சத்துவாச்சாரி பஸ் வந்தால் அவருடைய கால் ஒரு அடி முன்னே போய்விட்டுத் திரும்புகிறது, கொஞ்ச நாளாக.

அந்தச் சந்தோஷத்தைப் பாயிடம் சொன்னதுதான் தப்பு. பாயின் முகம் சுருங்கிவிட்டது. கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். எஞ்சினியர் செங்கலைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தாரா என்று கேட்டார். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்திருக்கும் என்றார். இருந்ததா என்று கிருபானந்தம் கேட்க, இருந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன் என்றார். அதோடு, இத்தனை குழி தோண்டிய சுவர் இனிமேல் எப்படி நிற்கும் என்றும் கேட்டார்.

“நான் வாணாம்னு சொல்லல தம்பி. நல்லா யோசிங்க. இங்க உங்களுக்கு இன்னா கொற?”

கடைசி வார்த்தை சொல்லும்போது பாயின் குரல் கொஞ்சம் கம்மியது. தன் மேல் இவ்வளவு அக்கறையா என்று கிருபானந்தத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் பாய்” என்று தலையாட்டிவிட்டு மாடி ஏறினார்.

மேலே ஜெபராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அழுதிருந்தால் அவர் எப்படியாவது சமாளித்திருப்பார்.

“விரிசல் இருந்தா இருக்கட்டுங்க” என்றாள் கடைசியில். “அது என் விரிசலா இருக்கட்டும்.”

எஞ்சினியர் படித்தவர்தான். ஆனாலும் ஜெர்மனிக்குப் போகிற தோலையே தடவிப் பார்த்துக் கழித்த கை ஆயிற்றே பாயுடையது என்று கிருபானந்தம் இழுத்தார். சனிக்கிழமை காலைவரை அவர் முகட்டைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்ததை ஜெபராணி பார்த்தாள். அந்த வீட்டுக்குப் போனாலும் இந்த மனுஷர் இப்படித்தான் சுவர் விழுமா விழுமா என்று பார்த்துக்கொண்டு படுத்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. தன் ஒரு ஆணிக்காக அவர் தூக்கத்தைக் கெடுப்பதா?

கைப்பையைத் திறந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். சமையலறை அலமாரியில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

“வேணாம்னு சொல்லிடலாம், வாங்க” என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று தண்ணீர் குடித்தாள். பீரோ மேல் கல்யாண போட்டோ லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

போன் பாய் வீட்டில்தான் இருந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சுகரா பேகம், அதிகம் வாய் திறக்காத மனுஷி, அடுப்பில் நெய்யில் சேமியா வறுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இவருக்கு ஒரே குஷி, தானே போய்ப் பால் வாங்கி வந்து பாயசம் வைக்கச் சொன்னார், என்ன விசேஷம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று கரண்டியோடு வெளியே வந்து சொன்னார்.

கிருபானந்தம் மீனாம்பாள் வீட்டு நம்பரைச் சுழற்றினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

ஜெபராணி பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு மணிக்கும் அந்த எதிர்ச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகப் போவதுபோல் இருந்தது. எதையாவது பேசாவிட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்து, சுகரா பேகத்திடம் சொன்னாள்.

“பாய் கண்ணுக்கு எதுவும் தப்பாதும்மா. கம்பெனில எத்தன தோலக் கழிச்சிருப்பாரோ.”

சுகரா பேகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். “யாரு, இவரா?” என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

போனில் மீனாம்பாள் இரண்டு தரம் “அலோ” சொன்னார். கிருபானந்தம் ரிசீவரைக் காதில் வைத்தபடி சுகரா பேகத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கம்பெனில அவரு ஒரு தோலக்கூடக் கழிச்சதில்ல டீச்சரம்மா. எதக் காட்டுனாலும் பாஸ், பாஸ்னு தள்ளி விடுறாருன்னுதான வேலைய விட்டே அனுப்பிச்சாங்க.”