காலமான டெலிபோன் அம்மா

"எங்கம்மா எப்ப செத்தாங்கன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

கையெல்லாம் மாவோடு பேக்கரிக்காரர் வந்து நின்றபோது லைப்ரரியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சுவரைக் காட்டினார்.

வீடு வீடாகக் கெஞ்சி வாங்கிய ஊரின் பழைய படங்களை நூலகத்து மாடியறையில் மாட்டி வைத்திருந்தாள். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் அங்கே உடைந்த நாற்காலிகளைப் போடப் போவதாக நகராட்சி அதிகாரி சொல்லியாகிவிட்டது.

பேக்கரிக்காரர் காட்டிய படத்தில் ஊரின் முதல் டெலிபோன் ஆபரேட்டரான அவர் அம்மா, நாலைந்து பேர் நடுவே சிரித்துக்கொண்டிருந்தார். அச்சகத்திலிருந்து நேற்று வந்த அட்டையில் அவர் பெயருக்குக் கீழே, 'காலமானார்'.

"ஐயையோ! அச்சுப்பிழைண்ணே!"

"காலைல நூலகத்தைக் கூட்ட வந்தவங்க படிச்சிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. கேக் வாங்க வந்தவரு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு, கேக்கை விட்டுட்டுப் போயிட்டாரு. அம்மா உள்ள ரேடியோ கேட்டுக்கிட்டிருக்காங்க!"

அவசரமாக அதை அடித்துவிட்டு, 'நலமாக இருக்கிறார்' என்று எழுதினாள்.

மதியம், படத்தில் பக்கத்தில் நிற்கும் நர்ஸம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "அவ மட்டும் நலமா? அப்ப நான்?"

'அனைவரும் நலம்' என்று மாற்றினாள்.

சாயங்காலம் சலூன்காரர். "ஓரமா நிக்கிறது எங்க தாத்தா. அவரு போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. அவரும் நலமா?"

நொந்துபோனவள், 'விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று எழுதிவிட்டாள். வந்தது வினை. மறுநாள் ஊரே மாடியேறியது.

"இது எங்க மாமா!"

"உங்க மாமாவுக்கு ஏது மீசை? இது எங்க சித்தப்பா!"

சண்டையை ஜெயிக்க ஆளாளுக்கு வீட்டிலிருந்து படங்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பழைய டெலிபோனையே தூக்கி வந்து மேசையில் வைத்தார். அறையை அளக்க வந்த அதிகாரிக்குக் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் நசுங்கி ஒரு சுவரோரம் ஒதுங்கியவர் திடீரென்று கத்தினார்.

"எங்கப்பா! அரை டவுசர்ல!"

"சார், அந்த நாற்காலிங்க..."

"அதைக் கொண்டுபோய் எங்கயாவது போடுங்கம்மா. எங்க வீட்லயும் படம் இருக்கு. மாட்ட ஆணி இருக்கா?"

லைப்ரரியம்மாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் யாரும் சீந்தாத சுவரை இன்று முண்டியடித்துப் பார்க்கிறார்கள். யாருக்கு நன்றி சொல்வது? பேக்கரியில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு நேரே அச்சகத்துக்குப் போனாள்.

"அண்ணே, நீங்க பண்ண தப்பு என் அறையைக் காப்பாத்திடுச்சு. நல்லா இருக்கணும் நீங்க!"

அச்சகக்காரர் திருதிருவென்று விழித்தார்.

"தப்பா? டெலிபோன் அம்மா நேர்லயே வந்து சொன்னாங்களே, 'காலமானார்னு போடுப்பா, உயிரோட இருக்கிறவளைப் பாக்க எவன் மாடியேறி வருவான்'னு!"