புளி போட்டு மினுக்கிய மின்காந்தம்

எல்லோரும் தலைப்பை யோசித்துத் தெரிவு செய்வார்கள். நான் வாயால் தெரிவு செய்தவள். எண்பதை எட்டப் பார்க்கிறேன், அந்த வாயில் இன்னும் ஒரு திருத்தமும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் வட்டக்கச்சியில் வயல் செய்து இருந்தோம். விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு மின்காந்தக் கருவி செய்ய வேண்டும் என்றார் எங்கள் விஞ்ஞான மாஸ்டர். தலைப்புச் சொல்ல ஒரு கிழமை தவணை தந்தார். முதல் நாள் மின்மணி என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் வகுப்பில் ஆறு பேர் மின்மணி. எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. தந்திக் கருவி என்று மாற்றினேன். தந்திக்கு மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும். வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருக்கும் தோழியோ அந்தக் கிழமை என்னோடு கோபம். (ஏன் என்று அவளுக்கும் இப்போது ஞாபகமில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.)

தவணை முடிய ஒரு நாள் இருக்கையில், மத்தியானச் சாப்பாட்டுக்கு வயலால் வந்த ஐயாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மின்காந்தத்தை விளக்கத் தொடங்கினேன்.

"இரும்பிலை கம்பியைச் சுத்திக் கரண்டைக் குடுத்தால் அது காந்தமாகும் ஐயா. பாரமெல்லாம் தூக்கும்."

"என்ர மண்வெட்டியைத் தூக்குமோ?"

"ஓம்!"

மாஸ்டரையோ புத்தகத்தையோ கேட்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

ஐயா சோற்றுக் கையோடு யோசித்தார். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே வழக்குத்தான். பத்தாம் வகுப்பு முடிய என்னை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டு மேலே விஞ்ஞானம் படிப்பிப்பதா, வீட்டோடு நிற்பாட்டுவதா? நான் கெஞ்சிக் களைத்திருந்தேன்.

"சரி பிள்ளை. மண்வெட்டியைத் தூக்கினால் அனுப்பிறன்" என்றார்.

இப்படித்தான் 'மின்காந்தப் பாரந்தூக்கி' என் தலைப்பானது. மாஸ்டர் அதை இரண்டு தரம் வாசித்து, என்னை ஒரு தரம் பார்த்து, பருத்தி நூல் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்றைக் கையில் தந்தார்.

அந்தச் சுருளைக் கண்டதும் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. எத்தனை வகுப்புகளின் கை பட்டதோ, நூலெல்லாம் கறுத்து ஊத்தையாக இருந்தது. ஊர்ச் சனம் பார்க்க வரும் கண்காட்சியில் இதை வைப்பதா? ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து நூலைக் கழற்றினேன். பிறகு குசினிக்குள் போய்ப் பழப்புளியும் சாம்பலும் எடுத்துவந்து, பொங்கலுக்குச் செம்பு மினுக்குவது போலக் கம்பியை மினுக்கினேன்.

"கம்பியை ஏனடி மினுக்கிறாய்?" என்றா அம்மா.

"கண்காட்சிக்கம்மா."

"அப்ப வடிவா மினுக்கு. மூலையிலை இன்னும் கறுப்புக் கிடக்கு."

கம்பிக்கு எங்கே மூலை என்று நானும் கேட்கவில்லை. உழவு மிசினின் பெரிய இரும்பு ஆணி ஒன்றில் அந்தக் கம்பியை நெருக்கி நெருக்கிச் சுற்றினேன். தங்கம் தோற்றுவிடும். மாஸ்டர் முன்கூட்டிப் பார்க்கக் கேட்டபோது, "கண்காட்சியண்டு பாருங்கோ சேர்" என்று சொல்லிவிட்டேன். (மறுபடியும் அதே வாய்.)

கண்காட்சி நாளன்று ஐயா கோயிலுக்கு உடுக்கும் வேட்டியோடு வந்தார். உழவு மிசின்காரரிடம் கேட்டு மிசின் பற்றரியையும் சுமந்து வந்தார். மண்வெட்டியைக் கழுவித் துடைத்து, பிடியைக் கழற்றி இரும்பை மட்டும் கொண்டுவந்திருந்தார்.

"பிடி சும்மா பாரம் பிள்ளை" என்றார் மெதுவாக. அவரும் அது தூக்க வேண்டும் என்றுதான் நின்றார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மேசையில் அழகுக்கு ஐயா வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குப் போடும் சால்வையை விரித்திருந்தேன். சனம் கூடியது. பற்றரியில் கம்பியைத் தொடுத்தேன். மண்வெட்டி அசையவில்லை. அசைந்தது புகை ஒன்றுதான். கம்பி பழுத்து, தொங்கிய முனை சால்வையில் பட்டு ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஓட்டை விழுந்தது. மாஸ்டர் பாய்ந்து வந்து கம்பியை இழுத்தெறிந்தார்.

"கம்பியிலை இருந்த நூல் எங்கை?"

"ஊத்தையாக் கிடந்தது சேர். கழட்டிப்போட்டு... புளி போட்டு மினுக்கினனான்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. மற்ற எல்லோரும் சிரித்தார்கள். கோபமாக இருந்த தோழிதான் ஆகக் கூடச் சிரித்தது.

எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகைக்குள்தான் விளங்கியது. நூல் இருந்திருந்தால் கரண்ட் சுற்றிச் சுற்றிப் போயிருக்கும். வெறுங்கம்பி ஒன்றோடொன்று தொட, அது சுற்றாமல் குறுக்கால் பாய்ந்துவிட்டது. விம்மி விம்மி அதை மாஸ்டருக்குச் சொன்னேன்.

"அதுதான்" என்றார் மாஸ்டர்.

ஐயா ஓட்டைச் சால்வையை உதறித் தோளில் போட்டார். "திருப்பி நூல் சுத்தினால் தூக்குமோ?"

இந்த முறை வாயை அடக்கினேன். "தெரியாது ஐயா. சுத்திப் பாக்கவேணும்."

தையல் ரீச்சரிடம் நூல் வாங்கி, கம்பிக்குப் பக்கத்தில் நூல், நூலுக்குப் பக்கத்தில் கம்பி, அடுக்குக்கு அடுக்குக் கடதாசி என்று பின்னேரம் வரை சுற்றினேன். ஐயா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து நூல் பிடித்தார். சனமெல்லாம் போய்விட்டது. தொடுத்தோம். மண்வெட்டியின் ஒரு பக்கம் 'டக்' என்று எழும்பி ஒட்டிக்கொண்டது. மற்றப் பக்கம் மேசையை விட்டு வரவே இல்லை.

ஐயா குனிந்து, இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"பாதி தூக்கிப்போட்டுது" என்றார். "மற்றப் பாதியை யாழ்ப்பாணத்திலை போய்ப் படிச்சிட்டு வந்து தூக்கு."

போனேன், படித்தேன், முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தேன். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது அளவுக்கு மிஞ்சி மினுக்கினால், "புளி போடாதை, கரண்ட் ஓடாது" என்பார்கள். ஐயா கடைசிவரை அந்தச் சால்வையைத்தான் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போட்டார், ஓட்டை வெளியே தெரியும்படி. கேட்டவர்களுக்கெல்லாம், "என்ர மகள் கரண்ட் படிச்ச இடம்" என்று காட்டுவார். நான் லீவில் வந்து வாசலில் பையை வைக்கும்போது, சுகம் கேட்க முதல் அவர் கேட்பது ஒன்றுதான்:

"மற்றப் பாதி எப்ப பிள்ளை?"