கடைசி இலைக்குப் போன மாப்பிள்ளை

வேத வசனத்துக்குக் கீழ்ப்படிந்து நான் அவமானப்பட்டது ஒரே ஒரு தடவைதான். (கீழ்ப்படியாமல் பட்டதையெல்லாம் கேட்காதீர்கள், பக்கம் போதாது.) அந்த ஒன்றைத்தான் என் குடும்பம் இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் ஆபீசில் வேலை. எஸ்தர் பெரியம்மா எனக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார். மம்சாபுரத்தில் உரக்கடை வைத்திருப்பவரின் மகள், பெயர் ஹெலன். முறையாகப் பெண் பார்ப்பதற்கு முன்னால், பெண்ணின் அப்பா என்னைத் தற்செயலாகப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டுமாம். அதற்குத் தோதாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம் வந்தது. பெரியம்மா திட்டம் போட்டார்.

"மொதப் பந்தி, மொத வரிசை, மூணாவது நாற்காலி. நீ அதுல உக்காரு. அவிய பக்கத்துல வந்து உக்காந்து பேச்சுக் குடுப்பாக. பவ்யமா பதில் சொல்லு. அம்புட்டுத்தாம்லே."

நாற்காலியில் உட்காரும் வேலை. இதில் சொதப்ப எனக்கே கொஞ்சம் திறமை தேவைப்பட்டது.

முந்தின ஞாயிறு எங்கள் போதகர் பிரசங்கத்தில் சொன்னார்: கல்யாண விருந்துக்குப் போனால் முந்திக்கொண்டு முதல் இடத்தில் உட்காராதே, கடைசி இடத்துக்குப் போ, அழைத்தவரே வந்து எல்லார் முன்னாலும் உன்னை மேலே கூப்பிடுவார். "கேட்டா மட்டும் போதாது, இந்த வாரமே செஞ்சு பாருங்க" என்று முடித்தார். அந்த வாரம்தான் கல்யாணம். கர்த்தர் என் பெயரைச் சொல்லியே பேசிவிட்டதாக எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிலிர்த்தது தாழ்மையால் அல்ல. கல்யாண வீட்டுக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்து முதல் வரிசைக்கு அழைத்துப் போவதை வருங்கால மாமனார் வாய் பிளந்து பார்ப்பதாக ஒரு காட்சி மனதில் ஓடியது.)

மடவார் வளாகம் பக்கத்து மண்டபம். பெரியம்மா மேடையில் போட்டோவுக்கு நின்ற நேரம் பார்த்து, கை கழுவும் குழாயை ஒட்டியிருந்த கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முகத்தைத் தாழ்மையாக வைத்துக்கொண்டேன். யாரும் வரவில்லை. பிரியாணிதான் வந்தது. முன்வரிசைகளைத் தாண்டி வருவதற்குள் கறி தீர்ந்து, என் இலையில் சோறும் ஒரு பட்டைத் துண்டும் விழுந்தன.

அதற்குள் அந்த மூன்றாவது நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து ஆலயத்தில் பட்டினியாகப் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்த அண்ணன். பெண்ணின் அப்பா பக்கத்தில் போய் அமர்ந்தார். அவர் பார்த்திருந்தது மீசை முளைக்காத காலத்தில் எடுத்த என் போட்டோவை. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"வேலையெல்லாம் எப்பிடிப் போகுது தம்பி?"

"ஆண்டவர் கிருபையில நல்லாப் போகுது அண்ணாச்சி."

"தண்ணி, சிகரெட்டு?"

"சே சே, தொடுறதில்ல."

அவர் பூரித்துப் போய்விட்டார். "வீட்ல எத்தன பேரு?"

"அம்மா, நானு, எம் வீட்டுக்காரி, ரெண்டு பொம்பளப் பிள்ளைய. மூணாவது பிள்ள வர்ற தை மாசம் பொறக்கும்."

பெண்ணின் அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். "எஸ்தரம்மா! ரெண்டு பிள்ளைக்காரனுக்கா எம் பிள்ளையக் கேட்டீக?"

கீபோர்டு அண்ணன் எலும்பைக் கையில் பிடித்தபடி, "நான் யாரையும் கேக்கலையே!" என்றார் பரிதாபமாக.

பெரியம்மா ஓடிவந்து நாற்காலியைப் பார்த்தார். பிறகு மண்டபம் அதிர ஒரு கத்தல். "ஏலே ஜெபராஜ்! எங்கலே தொலைஞ்ச? மேல வாலே!"

கடைசி இடத்திலிருந்து எல்லார் முன்னாலும் மேலே அழைக்கப்பட்டேன். வசனம் பிசகவே இல்லை. மரியாதை மட்டும் வரவில்லை.

"அங்க எதுக்குலே போய் உக்காந்த?"

"போன வாரப் பிரசங்கம், பெரியம்மா..." என்று இழுத்தேன். பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப, யாராச்சும் வந்து மேல கூப்பிடுவாகன்னு காத்துக்கிட்டு இருந்தீரு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்தும் விட்டது. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெட்கம் பிடுங்கித் தின்ன, "ஆமா" என்றேன்.

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. "அப்பா, நானும் அப்பயிருந்து பாக்கேன்" என்றது சிரித்த குரல். "அவிய ஒரு வாய்கூடச் சாப்பிடல. வாசலயே பாத்துக்கிட்டு இருந்தாக."

ஹெலன்தான். இந்தச் சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை முட்டியது. நாலாம் நாள் சம்மதம் என்று தகவல் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு காரணம் கேட்டேன்.

"கடைசி எலையில உக்காந்தது வேசம்" என்றாள். "அம்புட்டுப் பேரு முன்னாடி 'ஆமா'ன்னு சொன்னீகள்ல, அது ஒண்ணுதான் நெசம்."

அன்று ஆதாயம் பார்க்காமல் நான் கீழ்ப்படிந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

கீபோர்டு அண்ணனை மாமனாருக்கு இன்றைக்கும் ரொம்பப் பிடிக்கும். எங்கே பார்த்தாலும், "மூணாவது பிள்ள எப்பிடி இருக்கான்?" என்று என்னை விட்டுவிட்டு அவரைத்தான் விசாரிப்பார். நான் வீட்டில் கோபித்துக்கொண்டு, யாராவது சாப்பிடக் கூப்பிடட்டும் என்று மூலையில் உட்கார்ந்தால் ஒருவரும் சமாதானம் செய்ய வருவதில்லை. எட்டு வயது மகள் மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள்: "அப்பா, மேல வாங்க."