எக்கோ மாஸ்டரின் மூன்று தட்டு

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கத் தேடினாலும் எக்கோ மாஸ்டரைப் போலப் பயந்த மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பக்கத்து வீட்டில் சட்டிமூடி விழுந்தால் அவர் குண்டு என்று பயந்து, முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் பாய்ந்துவிடுவார். அவரது ரியூசன் வகுப்பில் பாதிப் பௌதிகத்தை நாங்கள் பங்கருக்குள்ளிருந்து எதிரொலித்து வந்த குரலில்தான் படித்தோம்.

கடலுக்குப் போகிற என் அண்ணையையும் அவர் பாடம் நடத்தாமல் விடவில்லை.

"தண்ணிக்குள்ளை வெளிச்சம் தூரம் போகாது. சத்தம் ஓடும், காத்திலையும் பாக்க நாலு மடங்கு கெதியா. நீர் வழி தப்பினா நான் தண்ணிக்குள்ளை மூண்டு தட்டுத் தட்டுவன். நீர் துடுப்பிலை காதை வைச்சுக் கேட்ட உடனை வள்ளத்திலை ரெண்டு தட்டும். போய்வந்த நேரத்திலை பாதியை வைச்சுத் தூரத்தைச் சொல்லுவன். ஒரு தட்டுக் கேட்டா, பிழையான பக்கம் போறீர் எண்டு அர்த்தம்."

பழகிப் பார்க்கையில் அண்ணை பதில் தட்ட ஒரு செக்கன் சுணங்குவார். "உந்தச் சோம்பலையும் கணக்கிலை கழிக்கவேணும்" என்பார் மாஸ்டர். அண்ணை சிரிப்பார்.

ஒரு காலை கடலும் கரையும் தெரியாத பனிப்புகார். மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன, அண்ணை வரவில்லை. வெளியே நேவிப் படகு உறுமியது. கூப்பிட்டால் சுடுவான், விளக்குக் காட்டினாலும் சுடுவான். அம்மா சேலைத்தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றா. நான் மாஸ்டரின் பங்கர் வாசலில் போய் அழுதேன்.

மாஸ்டர் இரும்புக் குழாயோடும் சுத்தியலோடும் வெளியே வந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, குழாயைத் தாழ்த்தித் தட்டினார். நான் துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியில் காதை வைத்தேன். மூன்று தட்டுக்குப் பதிலாக ஏழெட்டுக் கேட்டது.

"மாஸ்டர், மூண்டு!"

"மூண்டுதான் பிள்ளை அடிக்கிறன். மிச்சத்தைக் கை அடிக்குது."

துடுப்புக்குள் மெல்லிதாக இரண்டு தட்டு. எனக்கு உயிர் வந்தது. மாஸ்டர் முணுமுணுத்து எண்ணினார். அடுத்த பதில் இன்னும் பிந்தியது.

"தள்ளிப் போறார்" என்று, மூச்சைப் பிடித்து ஒரேயொரு தட்டுத் தட்டினார்.

பிறகு பதில்கள் கிட்டக் கிட்ட வந்தன. துடுப்புக்குள் எஞ்சின் இரைச்சலும் கூடிக்கொண்டே வந்தது.

"நேவிக்கும் கேக்குமே மாஸ்டர்?"

"தங்கடை எஞ்சின் சத்தத்துக்குள்ளை உது கேளாது எண்டு புத்தகம் சொல்லுது. எழுதினவர் இங்கை நிக்கேல்லை."

மாஸ்டருக்குப் பல் கிட்டியது. ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில் புகாருக்குள்ளிருந்து வள்ளத்தின் மூக்குத் தெரிந்தது. அம்மா அப்போதுதான் சத்தம் போட்டு அழுதா.

"முதல்லை ஆரோ என்னைப் பிடிக்கத் தட்டுறாங்கள் எண்டு பயந்துபோனன்" என்றார் அண்ணை. "வேறை ஆரும் எண்டா ஒழுங்கா மூண்டு தட்டியிருப்பாங்கள். உந்த நடுக்கம் மாஸ்டரைத் தவிர ஆரிட்டை இருக்கு?"

நன்றி சொல்லத் திரும்பினோம். மாஸ்டரைக் காணவில்லை. பங்கருக்குள்ளிருந்து குரல் வந்தது:

"அண்ணர் வந்திட்டாரோ, பிள்ளை?"

இன்றைக்கும் யாராவது கதவை ஒழுங்காக மூன்று முறை தட்டினால் எனக்கு நெஞ்சு பதறும். தட்டு நடுங்கினால் மட்டும், மாஸ்டர்தான் என்று ஓடிப்போய்த் திறக்கிறேன்.