எங்கள் வீட்டு எலக்ட்ரானிக் பங்க்

பெருமதிப்பிற்குரிய மச்சானுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கு அக்காவின் முழங்கால் வலி குறைந்து, நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுவது.

சென்ற மாதம் கோபத்தில் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், தப்பு என்மேல்தான். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் 'ம்' மட்டும் கொட்டிக்கொண்டிருந்த உங்கள் மருமகள், திடீரென்று ஒருநாள் சிரித்த முகமாக வந்து, "அப்பா, எலக்ட்ரானிக் பங்க் பேண்ட்ல சேர்ந்துட்டேன்" என்றாள். பேட்டரி வண்டிக்குச் சார்ஜ் போடுகிற பங்க், பேண்ட் அங்கே யூனிஃபார்ம் என்று நினைத்து, ஷாக் அடிக்காமலிருக்க ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். தாய்மாமன் பெட்ரோல் பங்க் வைத்திருக்க, பெண் அடுத்தவன் பங்கில் நிற்பதா என்று உங்களோடு சண்டைக்கு வந்ததும், நீங்கள் பெருந்தன்மையாக ஆபீஸ் நாற்காலி ஒன்றை ஒதுக்கி வைத்ததும் இப்படித்தான்.

பங்க் என்றால் கத்திப் பாடுகிற ஒரு பாட்டு வகையாம், பேண்ட் என்றால் பாட்டுக் குழுவாம். மறுநாள் பார்த்தால் எங்கள் கார் ஷெட்டில் பல் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கிட்டாரோடு நிற்கிறாள், 'வோல்டேஜ்' என்கிற லிஃப்ட் மெக்கானிக், அமுக்கினால் தாளம் போடுகிற பட்டன் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். கிட்டார் அலற, பெட்டி கூவ, நடுவில் உங்கள் மருமகள், "லிஃப்ட் பழுது, படியில் ஏறு" என்று கத்துகிறாள். பாட்டே அவ்வளவுதான். உங்கள் தங்கை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, "கத்தட்டும் விடுங்க, ஆறு மாசமா சேத்து வெச்சது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன், சந்தோஷம்தான்.

லிஃப்ட் மெக்கானிக்குகள் சங்க ஆண்டுக் கூட்டத்தில் முதல் கச்சேரி. இரண்டாம் பாட்டில் பட்டன் பெட்டி படுத்துவிட்டது. "பெட்டி வேணாம்னு அப்பவே சொன்னேன்" என்று நர்ஸ், "உன் வயர் இழுத்துதான் போச்சு" என்று வோல்டேஜ், மேடையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். இவள் முகம் பழையபடி இருண்டது. எனக்குப் பொறுக்கவில்லை, ஏறிப்போய்த் தகர மேஜையில் பத்து விரலையும் வைத்தேன். முப்பத்தோரு வருஷம் டைப்பிஸ்ட், விரலுக்கு வேறென்ன தெரியும்? 'பார்வையில் காணும் கடிதத்தின்படி தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று அடித்தேன், வரி முடிவில் தண்ணீர் டம்ளரில் ஒரு டிங். இவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு, மெக்கானிக்குகள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள்.

இருந்தும் அந்த இரண்டு பேரும் சமாதானமாகவில்லை. இருபத்துமூன்றாம் நாள் பேண்ட் கலைந்தது. நேற்றிலிருந்து மறுபடி கதவு சாத்தியிருக்கிறது, மறுபடி 'ம்'. ஆகவே ஒன்றாம் தேதி அவளை உங்களிடம் அனுப்புகிறேன், ஆபீஸ் நாற்காலியை விட்டுவிடாதீர்கள். இதில் மாற்றமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, பெட்ரோல் போடுகிற தம்பிகளுக்கு விசாரிப்பு.

தங்கள் அன்பு மறவாத,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: மேலே கண்டது அனைத்தும் ரத்து. கடிதத்தை முடித்துவிட்டுத் திரும்பினால் உங்கள் மருமகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். இந்தக் கடிதத்தை நான் டைப் அடித்த சத்தத்தைப் போனில் அந்த இருவருக்கும் கேட்கவைத்தாளாம், இருவரும் ஓடி வந்துவிட்டார்கள். "அங்கிள், பாட்டுக்கு நீளம் பத்தல, இன்னும் ஒரு பாரா அடிங்க" என்கிறான் வோல்டேஜ். நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், மச்சான். எழுத விஷயம் ஒன்றும் பாக்கியில்லை. இவள் ஆடிக்கொண்டிருக்கிறாள், அதனால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.