முகம் தராத முதலீட்டாளர்

உலக நாடுகள் ஒரு நாட்டின்மீது பொருளாதாரத் தடை விதித்த மறுநாளே, அந்நாட்டு அரசு அந்நிய முதலீட்டு வரவேற்புத் துறையைத் தொடங்கியது. வர ஆளில்லாத இடத்தில்தான் வரவேற்பில் குறை இருக்கக் கூடாது என்பது கொள்கை. துணை இயக்குநர் தினமும் காகிதப் பூச்செண்டின் தூசியைத் தட்டி, முதலீட்டாளர் நாற்காலியைத் துடைத்து வைத்து, மாலைவரை வாசலைப் பார்த்திருந்தார். கைகுலுக்கும் படம் ஒன்றாவது இவ்வாண்டு நாளிதழில் வராவிட்டால் துறைக்கு மூடுவிழா என்று அமைச்சர் சொல்லியிருந்தார்.

துணை இயக்குநரின் மனைவிக்குப் பித்தப்பையில் கல். தடையால் எப்பாதிப்பும் இல்லை என்பது அரசின் நிலைப்பாடு. ஆகவே மருத்துவமனையில் மயக்க மருந்து தீர்ந்துபோனதற்குக் காரணமும் இல்லை. அறுவை சிகிச்சை மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

ஒருநாள் உண்மையிலேயே ஒரு வெளிநாட்டார் வந்து நின்றார். அறை மாறி வந்தவர் என்றெண்ணி முதலில் வெளியே அனுப்பப் பார்த்தார்கள். மயக்க மருந்து ஆலை தொடங்க வந்ததாக அவர் சொன்னதும் துணை இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. நிலம், மின்சாரம், வரிச்சலுகை எல்லாம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தன. பிறகு புகைப்படக்காரர் உள்ளே வந்தார்.

“படம் மட்டும் வேண்டாம்,” என்றார் வெளிநாட்டார். “இங்க வந்தது தெரிஞ்சா எங்க நாட்டுல என்னைத் தூக்கி உள்ள வச்சிருவாங்க.”

“முகமே இல்லாத முதலீட்ட எப்படிங்க வரவேற்கிறது?”

“உங்களுக்கு மருந்து வேணுமா, படம் வேணுமா?”

துணை இயக்குநர் விதிகளைப் புரட்டினார். படத்துக்கு ஓர் அத்தியாயமே இருந்தது. மருந்துக்கு ஒரு வரிகூட இல்லை.

“மன்னிக்கணும் சார்,” என்றார்.

சார் போய்விட்டார். புகைப்படக்காரர் இருந்தார். துணை இயக்குநர் மனைவியின் தம்பி தையற்கடை வைத்திருந்தான். கூப்பிட்டதும், யாரோ தைக்கக் கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு முதலீட்டாளர் நாற்காலிக்கு ஓடிவந்தான்.

“சிரிக்கணுமா மாமா?”

“லேசா. பணக்காரன் பல்லக் காட்ட மாட்டான் மாப்ள.”

மயக்க மருந்து ஆலைக்கு ஒப்பந்தம் என்ற தலைப்போடு படம் வெளியானது. அதைக் கண்ட உலக நாடுகள், கோட்டுக்காரனைத் தங்கள் தடைப்பட்டியலில் சேர்த்தன. உலகமே அங்கீகரித்த முதல் முதலீட்டாளர் என்று அமைச்சர் பூரித்தார். தடைப்பட்டியலில் இடம்பெறுவது பெரிய வீடுகளின் புது நாகரிகமாயிற்று. அதற்கும் சிபாரிசு தேடி அலைந்தார்கள். திருமண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் பட்டமாக அச்சிட்டார்கள். துணை இயக்குநர் இயக்குநரானார்.

மருத்துவமனையில் வார்டுக்கு வார்டு அந்தப் படத்தை மாட்டினார்கள். ஆலை திறந்த கையோடு அனைவருக்கும் அறுவை சிகிச்சை என்று மருத்துவர் அறிவித்தார். வயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அதை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். இயக்குநரும் தட்டினார். மனைவி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“கோட்டு என் தம்பிக்கு எடுப்பாத்தான் இருக்கு,” என்றாள். “மயக்க மருந்த எந்தப் பாக்கெட்டுல வச்சிருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”